விடியும் வரை ஒரு ரசனை: சுருங்கிவரும் மதுரை இரவு

இசை நாடகம், திரைப்படம், தெருவோர உணவு ஆகிய மூன்றையும் ஒரே இரவின் பகுதிகளாகச் சுவைத்து வளர்ந்த மக்களின் ரசனை இன்று எங்கே நிற்கிறது?

மதுரையிலிருந்து மேலூர், சிவகங்கை, திருமங்கலம் என எத்திசையில் சென்றாலும், பங்குனி தொடங்கி ஆடி வரை நீளும் திருவிழாக் காலத்தில், ஏதேனும் ஒரு கிராமத்து அம்மன் கோயிலுக்கு எதிரே இரவு பத்து மணியளவில் நாடக மேடை ஒன்று ஒளிர்ந்துகொண்டிருக்கும். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் சுருதி கூட்ட, மிருதங்கக்காரர் தம் வாத்தியத்தைத் தட்டிச் சரிபார்க்க, எதிரே விரிக்கப்பட்ட பாய்களிலும் சாக்குகளிலும் பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் மறுபுறமுமாக வந்தமர்வர்; குழந்தைகள் மேடையை ஒட்டி இடம்பிடித்துவிட்டு, கதை தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே உறங்கிப்போவர். கூட்டத்தின் விளிம்பில் சுக்குமல்லிக் காபிக்காரரும், கடலையும் பொரியும் விற்பவரும், எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி போடுபவரும் அவ்விரவு முழுமைக்குமாகக் கடை விரித்திருப்பர். வள்ளி தினைப்புனம் காக்க மேடைக்கு வரும்போது நள்ளிரவு கடந்திருக்கும். அவளை முருகன் மணந்து மங்களம் பாடப்படும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

அங்கே அமர்ந்திருப்போரில் முறையாக இசை பயின்றவர்கள் மிகச் சிலரே. ஆயினும், நடிகர் ஒருவர் ஒரு பாடலின் அடியை விட்டுவிட்டாலோ, நாரதருக்கு வள்ளி சொல்ல வேண்டிய மறுமொழியில் தடுமாறினாலோ, கூட்டத்தின் நடுவிலிருந்து அது உடனே சுட்டிக்காட்டப்படும். இப்படிப்பட்ட சுவைஞர்கள், அதாவது தொழிலாகவோ படிப்பாகவோ அன்றி ஆர்வத்தால் மட்டுமே ஒரு கலையை அறிந்தவர்கள், மதுரை வட்டாரத்தின் மேடையையும் திரையையும் அடுப்படியையும் நூறாண்டுகளாகத் தாங்கி வந்துள்ளனர். அவர்களுடைய அறிவு பள்ளியில் கிடைத்ததன்று. நீண்ட இரவுகளில் திரும்பத் திரும்ப அமர்ந்து பெற்றது. அந்த இரவு இப்போது பல பக்கங்களிலிருந்து குறைக்கப்பட்டு வருவதால், மதுரையில் இன்று பேசப்படும் 'தூங்கா நகரம் தூங்கலாமா?' என்ற கேள்வி வணிகர்களை மட்டும் பொறுத்ததன்று.

ஒத்திகை இல்லாத நாடகம்

இவ்வட்டாரத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என வழங்கப்படுவது, நிலையான குழு ஏதுமின்றி, ஓர் இரவுக்கெனத் தனித்தனியே பேசி அமர்த்தப்படும் கலைஞர்கள் மேடையிலேயே ஒன்றுகூடி நடத்தும் இசை நாடகமாகும். முருகன், அரிச்சந்திரன், கோவலன் முதலிய தலைமை ஆண் வேடம் ஏற்பவர் ராஜபார்ட் எனவும், வள்ளி, சந்திரமதி, பவளக்கொடி முதலிய தலைமைப் பெண் வேடம் ஏற்பவர் ஸ்திரீபார்ட் எனவும், நகைச்சுவை நடிகர் பபூன் எனவும், அவருக்கு இணையாக ஆடிப் பாடுபவர் டான்ஸ் எனவும் அழைக்கப்படுகின்றனர். ஆர்மோனியம் வாசிப்பவர் பின்பாட்டும் பாடுவார். பல தாளக் கருவிகளையும் இடியோசை, மணியோசை போன்ற ஒலிகளையும் ஒருவரே கையாள்வதற்கு ஆல்ரவுண்ட் என்று பெயர்.

இவர்களுக்கு முன்கூட்டிய ஒத்திகை கிடையாது. ஒருவர் மதுரையிலிருந்தும், மற்றொருவர் புதுக்கோட்டையிலிருந்தும், வேறொருவர் திண்டுக்கல்லிலிருந்தும் அன்று மாலை வந்து சேர்ந்து, ஒப்பனைக் கொட்டகையில் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் நாடகம் பிசகாமல் நடப்பதற்குக் காரணம், அனைவரும் ஒரே பாடத்தை, அதாவது சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த பாடல்களையும் வசன அமைப்பையும், மனப்பாடமாக வைத்திருப்பதே ஆகும். ஒருவருக்கு உகந்த சுருதி மற்றவருக்கு ஒத்துவராது என்பதால், பாடுபவர் மாறும்போதெல்லாம் ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டுப் பழகிய காதுகள் அந்த மாற்றத்தையும் ரசிக்கின்றன.

இவ்வடிவத்தில் சுவைஞரின் ஆர்வம் மிகுதியும் குவிவது 'தர்க்கம்' என்னும் பகுதியில்தான். வள்ளி திருமணத்தில் நாரதர் வள்ளியிடம் வந்து முருகனை மணக்கும்படி சொல்ல, அவள் மறுத்து வாதிடும் இச்சொற்போர் எழுதப்பட்ட வசனத்தோடு நிற்பதில்லை. இருவரும் தாம் கற்ற புராணச் செய்திகளையும் இலக்கணத்தையும் நாட்டு நடப்பையும் கொண்டு ஒருவரை ஒருவர் மடக்க முயல, அது மணிக்கணக்கில் நீள்வதும் உண்டு. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்த வழியாக அம்முடிவை எட்டப்போகிறார்கள் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. ஒரே வள்ளி திருமணத்தை ஒருவர் வாழ்நாளெல்லாம் அலுக்காமல் பார்ப்பதற்கான விளக்கம் இதில் அடங்கியுள்ளது.

மேடையில் சொல்லப்படாததைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும் திறனும் இக்கூட்டத்துக்கு இருந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று விஸ்வநாததாஸ். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த இந்நடிகர், வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்குகளைப் பற்றிப் பாடியபோது, பாடப்படுவது யாரைப் பற்றியது என்பதை ஆங்கிலேய அரசின் காவலர்களுக்கு முன்பே பாயில் அமர்ந்திருந்தோர் புரிந்துகொண்டனர். பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் துறந்தார்.

பெட்டிச் செய்தி: பாடம் தந்தவர்
தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, நடிகராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். ஊர் ஊராக வந்த பார்சி நாடகக் குழுக்கள் அறிமுகப்படுத்திய ஆர்மோனியத்தையும், ஓவியம் தீட்டிய திரைகளையும், இந்துஸ்தானி மெட்டுகளையும் அவர் தமிழ்ப் புராணக் கதைகளோடு இணைத்தார். சிறுவர்களைக் கொண்டு 1918இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, டி.கே.எஸ். சகோதரர்கள் உள்ளிட்ட ஒரு தலைமுறை நடிகர்களை உருவாக்கியது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் அவரைக் குருவாகக் கொண்டு குருபூஜை நடத்துகின்றனர்.

நடித்த அமெச்சூர்களும் பார்த்த அமெச்சூர்களும்

தமிழ் நாடக வரலாற்றில் 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் ஊதியம் பெறாமல், பொழுதுபோக்காகவும் கலைத்தொண்டாகவும் நடித்தனர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அம்மேடையில் தோன்றியவர். கற்றோர் நடிப்பதால் நாடகத்துக்கு மதிப்பு ஏற்பட்டது என்று நூல்கள் அச்சபையைப் போற்றுவது நியாயமே. எனினும் அவ்வரலாறு ஏறக்குறைய முழுவதும் மேடையேறிய அமெச்சூர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பகலெல்லாம் நாற்று நட்டும் தறியில் அமர்ந்தும் மூட்டை சுமந்தும் உழைத்துவிட்டு, இரவு முழுவதும் விழித்திருந்து நாடகம் பார்த்த அமெச்சூர்களுக்கு அதில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை என்பது பெரும் குறை.

பார்ப்பவர் நடிப்பவராக மாறுவதும் இம்மரபில் இயல்பாகவே நடந்துள்ளது. தமிழகத்திலிருந்து சென்ற நாடகக் குழுக்களைப் பார்த்து ரசித்த யாழ்ப்பாணத்து மக்கள் அதே இசை நாடகங்களைத் தாமே மேடையேற்றத் தொடங்க, அங்கிருந்து நடிகமணி வி.வி. வைரமுத்து போன்ற பெருங்கலைஞர் எழுந்தார். அவர் அரிச்சந்திரனாக நின்று பாடிய மயான காண்டம், வட இலங்கையின் ஊர்க் கோயில்களில் ஒரு தலைமுறையின் பொதுச்சொத்தாக இருந்தது. ஆர்வத்தால் மட்டுமே ஒரு கலை கடல் கடந்து வேரூன்ற முடியும் என்பதை அது காட்டியது.

மேடையிலிருந்து திரைக்கு

1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' முதல் அடுத்த பத்தாண்டு வரை தமிழ்ப் பேசும்படம் என்பது பெரும்பாலும் கேமரா முன் நடத்தப்பட்ட இசை நாடகமே. கதைகள் மேடையிலிருந்து வந்தன; டி.பி. ராஜலட்சுமி, தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள், பி.யு. சின்னப்பா ஆகியோரும் மேடையிலிருந்தே வந்தனர். எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்து பயின்ற நாடகக் குழுவின் பெயர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. பாகவதரின் முதற்படமான 'பவளக்கொடி' (1934) ஐம்பதளவில் பாடல்களைக் கொண்டிருந்ததை இன்றைய பார்வையாளர் வியப்போடு குறிப்பிடலாம். ஆனால் ஓர் இரவு முழுவதும் பாட்டுக் கேட்டுப் பழகியிருந்த அன்றைய சுவைஞருக்கு அது சுருக்கப்பட்ட நாடகமாகவே தோன்றியிருக்கும்.

இந்தச் சுவைஞர்கள் கொடுத்த காசு மதுரையின் தெருக்களையே மாற்றியது. மதுரையைச் சேர்ந்த ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் தயாரித்து, ஒய்.வி. ராவ் இயக்கி, 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடி ஈட்டிய வருவாயிலிருந்து எழுப்பப்பட்ட திரையரங்குக்குச் சிந்தாமணி என்றே பெயரிடப்பட்டது. ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த மக்களே ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1952இல் 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு, 2,563 இருக்கைகளோடு ஆசியாவின் பெரிய திரையரங்குகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அத்தனை பேர் ஒரே இருட்டில் அமர்ந்து ஒரே வசனத்துக்குக் கைதட்டியதால், ஊரின் பேச்சுமொழியில் திரைவசனங்கள் பழமொழிகளைப் போல் புழங்கத் தொடங்கின.

மதுரையைக் களமாகக் கொண்டு பின்னர் எடுக்கப்பட்ட படங்களும் இந்த ரசிகரையே தம் கதைக்குள் அழைத்து வந்தன. 1980ஆம் ஆண்டின் மதுரையைச் சித்திரித்த சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008), 'முரட்டுக்காளை' வெளியான திரையரங்கின் கொண்டாட்டத்தைக் காட்டுகிறது. வசந்தபாலனின் 'காவியத்தலைவன்' (2014) பழைய நாடகக் குழுக்களின் உலகத்தைத் திரையில் மீட்டெழுப்ப முயன்றது. அம்முயற்சியின் நிறைகுறைகளைப் பற்றி வேறுபட்ட கருத்துகள் இருப்பினும், ராஜபார்ட் என்ற சொல்லையே அறியாத நகரத்து இளைஞர்கள் பலருக்கு அது முதல் அறிமுகமாக அமைந்தது.

நேரம் அறிந்த உணவு

மதுரை உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கடைகளின் பெயர்களைத் தொகுப்பதோடு நின்றுவிடுகின்றனர். உண்மையில் இவ்வூர் உணவின் தனித்தன்மை, ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுது ஒன்று இருப்பதில் அடங்கியுள்ளது. ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சப்படும் பருத்திப்பால் மாலையில் தள்ளுவண்டியில் வரும். முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரிக்கும் பச்சை நிற வடைக்கும் அதுவே நேரம். சுண்டக் காய்ச்சிய பால், ஊறி மென்மையான கடற்பாசி, நன்னாரி சர்பத், பாலேட்டு ஐஸ்கிரீம் ஆகியவை ஒரே கோப்பையில் சேரும் ஜிகர்தண்டா, வெயில் சாயும் நேரத்தில் பருகப்படுவது. இரவு ஏற ஏற அடுப்பின் சூடும் ஏறும்: பரோட்டாவும் சால்னாவும், தோசைமேல் முட்டையும் அதன்மேல் கொத்துக்கறி மசாலாவும் பரப்பித் திருப்பிப் போட்ட கறிதோசையும், மட்டன் சுக்காவும் முன்னிரவின் உணவுகள். இரண்டாம் ஆட்டம் முடிந்து திரையரங்கிலிருந்து வெளிவருவோருக்காகத் தெருமுனையில் இட்லிப் பானையோடும் பல வகைச் சட்னிகளோடும் காத்திருக்கும் பெண்கள், நள்ளிரவுக்குப் பிந்தைய பொழுதுக்கு உரியவர்கள்.

அந்த இட்லிக் கடையின் முன்பு நடக்கும் உரையாடலே மதுரையின் திரை விமர்சன மன்றமாக நெடுங்காலம் இயங்கியது. படம் முடிந்த சூட்டில், பசியோடு, முன்பின் அறியாதவர்கள் அருகருகே நின்று இடைவேளைக்குப் பின் கதை தளர்ந்ததா என்று வாதிட்ட இடம் அது. சந்தைக்கு அதிகாலையில் காய்கறி ஏற்றி வந்தவர்களும், மல்லிகை கட்டும் பெண்களும், பேருந்து நிலையத்துத் தொழிலாளரும் அதே வட்டத்தில் நின்றதால், உணவும் பேச்சும் சாதி, தொழில் எல்லைகளை ஓரளவேனும் தளர்த்தின.

உணவில் தேர்ந்த சுவைஞரின் அறிவு எத்தகையது என்பதற்கு அயிரை மீன் குழம்பு நல்ல எடுத்துக்காட்டு. விரல் நீளமும் இல்லாத அயிரை சேற்றில் வாழ்வதால், அதை உயிரோடு தேங்காய்ப் பாலில் விட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கச் செய்த பின்னரே குழம்பில் இடுவர். அப்படிச் செய்யப்பட்டதா என்பதை முதல் கவளத்திலேயே கண்டுகொள்பவர்கள் இங்கே உண்டு. வைகையிலும் கண்மாய்களிலும் நீர் நிலைக்காத ஆண்டுகளில் அயிரை அரிதாகி, அதன் விலை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் சென்றுவிடுகிறது. ஆற்றின் நிலை நாக்குக்குத் தெரியவருவது இவ்வழியாகத்தான்.

மூன்று இடங்களில் வெட்டுப்படும் இரவு

மேற்கண்ட மூன்று ரசனைகளும் தனித்தனியே அழிந்துவிடவில்லை. அவற்றைக் கோத்திருந்த இரவுதான் அறுபட்டு வருகிறது. முதல் வெட்டு ஒலிபெருக்கியின் மேல் விழுந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் ஒரு கலைவடிவத்தின் முழுப் பொழுதும், சட்டம் ஒலிபெருக்கியைத் தடைசெய்துள்ள பொழுதோடு அப்படியே பொருந்திவிடுகிறது. எனவே ஒவ்வொரு கிராமமும் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு நிற்க, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்பது கலையின் தேவையைப் பொறுத்ததாக இல்லாமல் அனுமதித் தாளைப் பொறுத்ததாக ஆகிவிட்டது.

பெட்டிச் செய்தி: ஒலிக்கு எல்லை
2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, மூடிய அரங்குகள் போன்ற சில இடங்கள் நீங்கலாக, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளில் அனுமதிக்கப்பட்ட ஒலியளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு நேரத் தடையை உச்ச நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தது.

இவ்விதியைக் கலைக்கு எதிரான சதியாகக் காண்பது பிழை. கைக்குழந்தைகளும் நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் அதே தெருவில்தான் வாழ்கின்றனர். கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளை மரத்துக்கு மரம் கட்டி ஊரையே அதிரவைத்த வழக்கம் அவர்களுடைய உறக்கத்தைப் பறித்தது உண்மை. ஒலிபெருக்கி வருவதற்கு முன் ஐந்து கட்டை, ஆறு கட்டைச் சுருதியில் பாடியே ஆயிரம் பேரை எட்டிய நாடக நடிகர் கிட்டப்பாவின் காலத்தையும் இங்கே நினைவில் கொள்ளலாம். பாயில் அமர்ந்திருப்போருக்கு மட்டும் கேட்கும்படி, கூட்டத்தை நோக்கித் திருப்பிய சிறு பெட்டி ஒலிபெருக்கிகளோடு நாடகத்தை நடத்தினால் அண்டை வீட்டாரின் குறை பெருமளவு நீங்கும். அதற்கேற்ற தெளிவான அனுமதி முறையை மாவட்ட நிர்வாகங்கள் வகுக்காத வரை, விதிக்கும் வழக்கத்துக்கும் இடையே சிக்கியிருப்பவர்கள் ஒரு நாள் கூலிக்கு நடிக்கும் கலைஞர்களே.

நாடகம் நள்ளிரவில் முடிய வேண்டும் என்றால் எது வெட்டப்படும் என்பதே முக்கியமான கேள்வி. முதல் இரண்டு மணி நேரம் பபூனும் டான்ஸும் ஆடிப் பாடி நகைச்சுவை செய்யும் பகுதி. கதை அதன் பிறகே தொடங்கும். கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அப்பகுதி என்பதால் அதில் எவரும் கைவைப்பதில்லை. வெட்டப்படுவது தர்க்கமும் விருத்தங்களும் மயான காண்டத்தின் நீண்ட புலம்பலும்தான். இதன் விளைவாக, இப்போது முதன்முறை நாடகம் பார்க்கும் இளைஞர் ஒருவர், ஸ்பெஷல் நாடகம் என்பது திரைப்பாடலுக்கு ஆடும் நிகழ்ச்சி என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பக்கூடும். அவர் மேல் தவறில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவே.

இரண்டாம் வெட்டு திரையரங்கின் மேல் விழுந்தது. தங்கம் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக் கடை, சிந்தாமணியும் இயங்கவில்லை. 2020 மார்ச் முதல் நவம்பர் வரை மாநிலம் முழுவதும் திரையரங்குகள் மூடப்பட்டிருந்தபோது வீட்டுத் திரைக்குப் பழகிய குடும்பங்கள் பல முன்போல் திரும்பி வரவில்லை. 2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைச் சிறப்புக் காட்சியின் கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, காலை ஒன்பது மணிக்கு முன் காட்சிகளை அனுமதிப்பதில்லை என்ற நிலைப்பாட்டை அரசு எடுத்தது. ஓர் உயிருக்கு ஈடாக எந்தக் காட்சியையும் வைக்க முடியாது என்பதால் அம்முடிவில் குறை காண இடமில்லை. ஆயினும், பெரிய திரையரங்குகள் மறைந்து சிறு அரங்குகள் பெருகியதில், நூறு ரூபாய்க்கும் குறைவான முன்வரிசைச் சீட்டில் அமர்ந்து ஒரே படத்தைப் பலமுறை பார்த்த உழைப்பாளி ரசிகர் இடம் இழந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாம் வெட்டு அடுப்பின் மேல். கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் எனத் தமிழ்நாடு அரசு 2019இல் வழங்கிய அனுமதி, பத்துக்குக் குறையாத பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு உரியது. தனி ஒருத்தியாக இட்லிப் பானையை இறக்கி ஏற்றும் பெண்ணோ, தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொண்டுவரும் முதியவரோ அந்த வரம்புக்குள் வருவதில்லை. விடிய விடியத் திறந்திருக்கும் பெரிய உணவகம் ஊருக்குத் தேவைதான். ஆனால் தூங்கா நகரம் என்ற பெயரை மதுரைக்கு ஈட்டித் தந்தவர்கள் தெருமுனையில் நின்றவர்களே என்பதால், சலுகையின் அளவுகோல் தலைகீழாக அமைந்துவிட்டது என்றே கருத வேண்டியுள்ளது.

மேடையேறும் பெண்களின் இரவு

இரவு சுருங்குவதன் விளைவு எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. ஸ்பெஷல் நாடக நடிகையரின் வாழ்வை மதுரையில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியான தம் நூலில், இரவில் பலர் காணப் பிற ஆடவருடன் நடிப்பதாலேயே இப்பெண்கள் சுமக்க நேரும் இழிவுப் பார்வையையும், அதை அவர்கள் எதிர்கொள்ளும் உத்திகளையும் விரிவாக எழுதியுள்ளார். தெருவில் பார்வைக்கு இலக்காகாதபடி தனி வண்டி அமர்த்திச் செல்வது, மேடைக்கு வெளியே குடும்பப் பெண்ணின் அடக்கத்தை வலிந்து பேணுவது ஆகியவை அவற்றுள் சில. கலைக்குக் கைதட்டும் ஊர், அக்கலையைத் தந்தவளுக்கு வாடகை வீடு தரத் தயங்குவது சுவைஞர் உலகின் பெரும் கறையாகும். ரசனை எவ்வளவு ஆழமானது என்று பெருமை பேசுவோர் இதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

இவர்களுடைய வருவாய் ஆண்டு முழுவதும் வருவதன்று. பங்குனி முதல் ஆடி வரை கிடைக்கும் இரவுகளைக் கொண்டே எஞ்சிய மாதங்களைக் கடத்த வேண்டும். 2020இலும் 2021இலும் பெருந்தொற்று ஊரடங்கு சரியாக அந்த மாதங்களில் வந்து விழுந்ததால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் வருவாய் அவர்களுக்கு அடியோடு போயிற்று. அதன் பிறகு மேடைகள் திரும்பின. ஆனால் வேறு தொழிலுக்குப் போனவர்கள் அனைவரும் திரும்பவில்லை. ஒத்திகையே இல்லாத ஒரு கலையில், பாடம் அறிந்த ஒருவர் விலகிச் செல்வது ஒரு நூலகத்தின் அலமாரி காலியாவதற்குச் சமம்.

பார்க்கும் பெண்களுக்கும் இந்த இரவு முக்கியமானது. கிராமத்துப் பெண்கள் எவருடைய கேள்விக்கும் ஆளாகாமல், வீட்டுக்கு வெளியே, தம் தோழியரோடு விடியும் வரை அமர்ந்திருக்க அனுமதிக்கப்பட்ட பொழுதுகள் ஆண்டில் சிலவே. நல்லதங்காளின் துயரத்துக்கு அவர்கள் சேர்ந்து அழுவதும், பபூனின் கேலிக்குச் சேர்ந்து சிரிப்பதும் அங்கேதான் நிகழ்கிறது. நாடகத்தின் இடத்தை 'ஆடல் பாடல்' நிகழ்ச்சி பிடிக்கும் ஊர்களில், கூட்டத்தின் முன்பகுதி இளைஞர்களால் நிரம்ப, பெண்கள் முதலில் பின்வரிசைக்கும் பிறகு வீட்டுக்கும் நகர்ந்துவிடுகின்றனர்.

துண்டுகளாகச் சுவைத்தல்

இரவு சுருங்குவதற்கு எதிர்த்திசையில் ஒரு மாற்றமும் நடந்துவருகிறது. விடிய விடிய நடக்கும் நாடகங்களை முழுமையாகப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவோர் பெருகியுள்ளதால், வெளிநாடுகளில் வேலை செய்யும் மதுரை, புதுக்கோட்டை மாவட்டத்தினர் தம் ஊர்த் திருவிழாவை அங்கிருந்தே காண்கின்றனர். ஒரே தர்க்கத்தை இரு வேறு ஸ்திரீபார்ட்டுகள் எவ்வாறு நடத்தினர் என ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிதாகியுள்ளது. இது உண்மையான ஆதாயம். உணவைப் பற்றிய காணொளிகளும் வெளியூரினர் பலரை மதுரைக்கு அழைத்து வருகின்றன.

ஆனால் ஒரு நிமிடக் காணொளி பெயர்பெற்ற சில கடைகளின் முன்னேயே வரிசையை நீட்டுகிறது. ஜிகர்தண்டாவைக் காலை பத்து மணிக்கும் கறிதோசையை நண்பகலிலும் கேட்கும் வழக்கத்தை அது உண்டாக்க, பொழுதோடு பிணைந்திருந்த உணவு பட்டியலோடு பிணைந்த பண்டமாகிறது. நாடகத்திலும் இப்படியே, ஐந்து நிமிடத் துண்டுகளில் பரவுவது பபூனின் இரட்டை அர்த்த வசனங்களே தவிர, அரை மணி நேரம் காத்திருந்தால் மட்டுமே விளங்கும் ஒரு விருத்தத்தின் அழகன்று. சுவைஞருக்கு அறிவைத் தந்தது அந்தக் காத்திருப்புதான்.

புதிதாகப் பார்க்க விரும்புவோருக்குத் தடை அதிகமில்லை. சீட்டு வாங்க வேண்டியதில்லை, செலவு ஊருடையது, நாடகம் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை என்பதால் வந்தவர் எவரையும் ஊரார் விருந்தினராகவே நடத்துவர். நடிகர்களின் புகைப்படங்களும் வேடப் பெயர்களும் அச்சிட்ட நோட்டீஸ்கள் பேருந்து நிறுத்தத்துச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்மோனியத்துக்கு அருகில், மேடையின் பக்கவாட்டில் அமர்வது நல்லது. நடிகருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் இடையே கண்ணசைவில் நடக்கும் ஏற்பாடுகள் அங்கிருந்தே தெரியும். முதல் இரவில் கதை முழுதும் பிடிபடாவிட்டாலும் பாதகமில்லை. பக்கத்துப் பாயில் அமர்ந்திருப்பவர் கேட்காமலேயே விளக்கத் தொடங்கிவிடுவார்.

அடுத்த பங்குனிக்கான தேதிகளைக் கலைஞர்களின் நாட்குறிப்பில் குறித்துவைக்க நாடக ஏஜென்ட்டுகள் தை மாதத்திலிருந்தே முன்பணத்தோடு அலையத் தொடங்குவர். அதற்குச் சற்று முன்பாக, ஒவ்வொரு கிராமத்தின் விழாக் குழுவும் கோயில் திண்ணையில் கூடி, வரி பிரித்த பணத்துக்கு இம்முறை ஆடல் பாடலா, இன்னிசைக் கச்சேரியா, நாடகமா என்று முடிவெடுக்கும். அக்கூட்டத்தில் நாடகம்தான் வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களோடு சேர்ந்து அதையே கேட்கும் இருபது வயதினர் எத்தனை ஊர்களில் இருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே வரும் ஆண்டின் நாடக இரவுகள் அமையும்.